ஐந்து தட்டங்களோடு ஒரு நத்தார்

டிசம்பர் 22, ஞாயிறு, குருநகர்

வெள்ளவத்தையிலிருந்து நேற்று இரவு புறப்பட்ட பேருந்து விடிவதற்குச் சற்று முன்னர் ஆனையிறவைக் கடந்தது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தை உறங்கியபடியே கடந்துவிடலாம் என்பது ஒன்பது வயதான என் மகளுக்கு இயல்பான செய்தி. 1996இன் பின்னர், ஏ-9 வீதி 2002இல் திறக்கப்படும் வரையில், யாழ்ப்பாணத்தவர்கள் கப்பலேறித் திருகோணமலைக்குச் சென்று அங்கிருந்துதான் கொழும்புக்குப் போனார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். "கப்பலோ? நல்லா இருந்திருக்கும்" என்றாள். மாரிக் கடலில் கப்பல் தளத்தில் கிடந்து வாந்தியெடுத்தவர்களை நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அம்மா வாசலிலேயே நின்றார். "மார்கழி இருபத்திரண்டு காலமை நிண்டால்தான் கேக் அடிக்கலாம்" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் ஊரில் டிசம்பரையே மார்கழி என்பார்கள்; பஞ்சாங்கத்து மார்கழி பிறந்து ஒரு கிழமைதான் ஆகிறது என்பது ஒருவருக்கும் பொருட்டல்ல. அதேபோல, கிறிஸ்மஸ் என்ற சொல்லும் அம்மாவின் வாயில் இன்றுவரை நுழையவில்லை. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற 'நாத்தால்' என்ற சொல்லிலிருந்து வந்த நத்தார்தான் அவருக்குப் பண்டிகை.

சாப்பாட்டு மேசையில், பழப்புளி போட்டு மினுக்கிய ஐந்து பித்தளைத் தட்டங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை அம்மம்மாவின் தட்டங்கள். நத்தாருக்குச் செய்யும் பலகாரங்களை அவற்றில் அடுக்கி, பின்னல் துணியால் மூடி, உறவினர் வீடுகளுக்கும் அயலவர் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். தட்டத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், வாங்குகிறவர்கள் அதில் சிறிதளவு சீனியையாவது போட்டு அனுப்புவார்கள். சிறுவயதில் தட்டம் சுமப்பது எங்கள் நால்வரின் வேலையாக இருந்தது. அண்ணா ரொறன்ரோவுக்கும், தங்கை பாரிசுக்கும், தம்பி லண்டனுக்கும் போன பிறகு சில ஆண்டுகளாக முன்வீட்டுப் பையன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். இம்முறை நான் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே விடுமுறைக்கு முன்கூட்டி அழைக்கப்பட்டிருக்கிறேன் என்பது தட்டங்களைக் கண்டபோதுதான் விளங்கியது.

பிற்பகலில் கேக் அடித்தோம். பிளம்ஸ், செரி, இஞ்சிப்பாகு, பூசணி அல்வா, கஜு எல்லாவற்றையும் சிறிதாக வெட்டி மூன்று கிழமைக்கு முன்பே பிராண்டியில் ஊறவைத்திருந்தார். மாஜரினையும் சீனியையும் ஒரே பக்கமாகச் சுற்றி அடிக்க வேண்டும், இடையில் கை மாறினாலும் பக்கம் மாறக்கூடாது என்ற விதியை மகளுக்கும் கற்பித்தார். வீட்டில் மின்சார அடிகருவி இருக்கிறது. அதைப் பெட்டியிலிருந்து எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. ரவையும் முட்டை மஞ்சட்கருவும் கறுவாத்தூளும் கராம்புத்தூளும் சேர்ந்த மணம் எழுந்ததும் எனக்குப் போறணை நினைவு வந்தது.

வீட்டில் அடுப்புப்பெட்டி இல்லாத அந்த நாட்களில், கலவையை நிரப்பிய தகரத் தட்டுகளைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு, அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போவார். பாண் சுட்டு முடிந்த பின்னர், போறணையில் எஞ்சியிருக்கும் சூட்டில்தான் ஊராருடைய கேக்குகள் வேகும். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணித் துண்டோ ஆணிக் கீறலோ இருக்கும். எங்கள் வரிசை வருவதற்குள் இரவு பத்து மணி கடந்துவிடும். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாததால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சைச் சுருட்டி, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில், விறகுக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்போம். கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பொருளாதாரத் தடைதான் தீர்மானித்தது. ஒரு வருடம் சீனி போதாமல் பனங்கட்டியைக் கரைத்து ஊற்றிச் செய்த கேக் கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து வெளியே வந்தது. பேக்கரி முதலாளி அதைப் பார்த்துச் சிரித்ததற்காக அம்மா அவருடன் பல மாதங்கள் கதைக்கவில்லை. நாங்கள் நால்வரும் அதன் மூலைத் துண்டுக்காக அடிபட்டோம். இன்றைய கேக் மின்னடுப்பில் ஒன்றரை மணி நேரத்தில், நடுப் பள்ளம் எதுவும் இல்லாமல் வெந்து வந்தது. ருசியில் குறை சொல்ல இடமில்லை. மூலைத் துண்டுக்கு அடிபடத்தான் ஆளில்லை.

டிசம்பர் 23, திங்கள்

நாள் முழுவதும் மழை. பயத்தம் உருண்டையும் சீனி அரியதரமும் செய்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. மட்டுவிலுக்குப் போக வேண்டிய தட்டத்துக்கான பயத்தம் உருண்டையை அம்மா வேறாக, முட்டை படாத பாத்திரத்தில் பிடித்தார். அதன் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மாலையில் பாலன் குடில் கட்டினோம். கரியும் கஞ்சியும் பூசிக் கசக்கிய கடதாசியே மலை. இரண்டு கிழமைக்கு முன் பால்மாத் தகரங்களில் அம்மா விதைத்திருந்த நெல் முளைத்து நிற்பதுதான் புல்வெளி. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் மரத்தை மகள் கேட்டாள். நானும் என் சகோதரர்களும் சவுக்கு மரக் கிளை ஒன்றை முறித்து வந்து சல்லி முட்டிக்குள் நட்டுவைத்த கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

அம்மா ஒவ்வொரு மாலையும் செபமாலை சொல்லி முடிந்ததும், வீட்டிலிருப்பவர்கள் வயது வரிசையில் ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்ல வேண்டும். இன்று நள்ளிரவில் கோயிலுக்குப் போகத்தானே போகிறோம், இப்போது எதற்கு வீட்டிலும் ஒரு செபம் என்று மகள் கேட்டாள். அது என் அப்பா பதில் சொல்ல விரும்பியிருக்கக்கூடிய கேள்வி. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திய பின்னர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே குரு இல்லாமல் வீடுகளுக்குள்தான் செபம் உயிரோடு இருந்தது. 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் சில்லாலையில் தங்கி இரகசியமாகப் பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்துப் படையினர் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தார்கள். அடிகளார் மட்டும் அவர்களிடம் அகப்படவில்லை. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது அப்பா இல்லை. இந்தக் கதையை அவர் சொல்லும் வேளையில், படையினர் வந்து கதவைத் தட்டும் இடத்தில் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். நானும் தட்டினேன். மகள் துள்ளி எழுந்தாள்.

இரவு பதினொரு மணிக்குப் புனித யாகப்பர் ஆலயத்துக்கு நடந்தே போனோம். குடைகளும் புதுச் சட்டைகளும் சேற்றுத் தண்ணீருமாக வீதி நிறைந்திருந்தது. வாசலை அடையும்போதெல்லாம் என் கண்கள் கூரையைப் பார்ப்பதை நிறுத்த முடிவதில்லை. 1993ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி இந்த ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தபோது எனக்கு எட்டு வயது. உயிரிழந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த நத்தாருக்கு அப்பா வீட்டில் குடில் கட்டவில்லை, கேட்கவும் எங்களுக்குத் துணிவு வரவில்லை. இரவு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை அண்ணா கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை மட்டும் கேட்டோம். அண்ணாவின் கை தளர்ந்தபோதெல்லாம் குரலும் இழுபட்டது. பின்னர், ஊரடங்குக் காலத்தில், நள்ளிரவுப் பூசையை வெயில் தாழ்வதற்குள் முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிய நத்தார்களும் இருந்தன. இன்று 'உன்னதங்களிலே' பாடல் தொடங்கி எல்லா மணிகளும் ஒன்றாக ஒலித்தபோது, நேரம் சரியாக நள்ளிரவு என்பதே எனக்குப் பெரிய விடயமாகத் தோன்றியது.

வீடு திரும்பி, கோப்பி குடித்து, ஒன்றரை மணிக்கு மூவரையும் வட்ஸ்அப்பில் அழைத்தோம். ரொறன்ரோவில் அப்போது பிற்பகல் மூன்று மணி, அண்ணா வேலையிடத்தில் நின்றார். பாரிசில் இரவு ஒன்பது மணி, தங்கையின் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ கத்தினார்கள். தம்பி பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அம்மா கேக்கை வெட்டி, மூன்று துண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றிப் பெயர் எழுதினார். யாராவது அந்தப் பக்கம் போகும்வரை அவை குளிர்சாதனப்பெட்டியில் இருக்கும். "அது தபாலிலை போகாதம்மா, இங்கை கடையிலை எல்லாம் இருக்கு" என்றார் அண்ணா, ஒவ்வொரு வருடமும் சொல்வதைப் போலவே. அம்மாவும் வழக்கம்போல அதைக் காதில் வாங்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

முதலாவது தட்டம் முன்வீட்டுக்கு. அது ஐந்து நிமிடத்தில், தோடம்பழங்களோடு திரும்பிவிட்டது. இரண்டாவது கொழும்புத்துறையில் இருக்கும் மாமிக்கு. அவருடைய வீட்டில் வெளிநாட்டு விருந்தினர்கள் நிறைந்திருந்ததால் அதிகம் கதைக்க முடியவில்லை.

மூன்றாவது தட்டத்தோடு பாஷையூருக்குப் பெரிய மாமாவிடம் போனோம். எண்பதைக் கடந்தவர், கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியும் வலை பொத்துவதை விடவில்லை. கேக்குத் துண்டைக் கையில் எடுத்ததும், "இதிலை எறும்பு இல்லையோ?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தப் பகிடிக்கும் மட்டுவிலில்தான் வேர் இருக்கிறது. தட்டத்தில் ஒரு சீனிப் பைக்கற்றை வைத்தவர், அதற்கு மேலாக உயிருள்ள நண்டுகளை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். ஓட்டோவில் பை அசையும்போதெல்லாம் மகள் இருக்கையின் மேல் கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

நான்காவது தட்டத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. சுண்டுக்குளியில் இருக்கும் சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. அம்மம்மாவின் காணியைப் பிரித்து உறுதி எழுதியபோது எழுந்த ஒரு பேச்சினால் ஐந்து வருடங்களாக இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. யார் பக்கம் நியாயம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை அம்மாவுக்கே நான் சொன்னதில்லை. ஆனாலும் தட்டம் ஒரு நத்தாருக்கும் நிற்கவில்லை. முன்வீட்டுப் பையன் கொண்டுபோவான்; சின்னம்மா வாசலில் வைத்தே பலகாரத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சீனியைப் போட்டு, அதே கையோடு திருப்பி அனுப்பிவிடுவார். கடையில் கணக்குத் தீர்ப்பதைப் போன்ற ஓர் ஒழுங்கு.

இன்று என்னைக் கண்டதும் வாசலில் நிறுத்தி அனுப்ப அவரால் முடியவில்லை. "வா பிள்ளை, வந்து இரு" என்று உள்ளே அழைத்தார். மகளைத் தன்னருகே இருத்தி, அவளுடைய மூக்கு அம்மம்மாவின் மூக்கு என்றார். அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேக்கில் ஒரு துண்டை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டு முடித்த பின்னர், "கராம்பு கூடிப் போச்சு" என்றார். நாங்கள் எழுந்தபோது தட்டம் பலகாரங்களோடு அப்படியே மேசையில் இருந்தது. "தட்டம் இருக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நண்டுகளைத்தான் முதலில் விசாரித்தார். அவற்றை உடைத்துக் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிறகு, "கேக் சாப்பிட்டவளோ?" என்று கேட்டார். கராம்பு கூடிவிட்டதாம் என்றேன். "அவளுக்குச் சின்னனிலையே கராம்பு பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார்.

டிசம்பர் 26, வியாழன், மட்டுவில்

காலையில் பேருந்து நிலையத்தில் நின்றபோது 9.25 ஆனது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். மணற்காட்டில் எங்களுக்கு உறவினர்கள் இருந்தார்கள். நத்தாருக்கு அடுத்த நாள் என்பது அந்த வருடத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் வேறொரு நாளாகிவிட்டது.

செம்மணியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தில் பேருந்து ஏறியதும் நான் மகளின் பக்கம் திரும்பவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கிகளில் அறிவித்த பின்னர், வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் இந்த ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழையில், அடிமேல் அடிவைத்து நகர்ந்த அந்தக் கூட்டத்தில் நாங்கள் எட்டுப் பேர். வீட்டைக் காவல் பார்க்கிறேன் என்று பின்தங்கிய பெரிய மாமா ஒன்பதாவது ஆள். அம்மம்மா துணி மூட்டைக்குள் வைத்துச் சுமந்தது இந்த ஐந்து தட்டங்களை. அரிசியைக் கொண்டுவந்திருக்கலாம் என்று அப்பா பல நாட்கள் ஏசினார்.

மட்டுவிலில், பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போகும் பக்கமாக, ஓர் ஆசிரியை தன் வளவில் எங்களுக்கு இடம் கொடுத்தார். மாட்டுக் கொட்டிலைக் கழுவி, கிடுகினால் மறைத்து அதில் இருந்தோம். டிசம்பர் 5இல் இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்தது. வீடு இருக்கிறதா, மாமா இருக்கிறாரா என்று அறிய வழியில்லை. அந்த வருட நத்தார், ரீச்சரம்மா பிடித்த பிள்ளையார் கதை விரதத்தின் நடுவில் வந்தது. இருபத்தொரு நாள் விரதம். இருபத்தொரு இழை நூற்காப்பு அவர் இடது கையில் கட்டியிருந்தது. அந்த வளவுக்குள் மீனோ முட்டையோ சமைப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை, அம்மம்மாதான் முடிவெடுத்தார். எங்கள் நத்தார்ச் சாப்பாடு சோறும் மட்டுவில் கத்தரிக்காய்க் குழம்பும். அந்த ஊர்க் கத்தரிக்காயின் பெயர் குடாநாடெங்கும் தெரிந்ததுதான் என்றாலும், கேக் எங்கே என்று தம்பி அழுதான்.

அன்று காலை ரீச்சரம்மா அவலும் கடலையும் கொண்டுவந்து, "உங்கடை பெருநாளுக்கு எங்கடை பிள்ளையாற்றை பிரசாதம்" என்று கொடுத்தார். அம்மம்மா மூட்டையை அவிழ்த்து, முதன்முறையாக ஒரு தட்டத்தை வெளியே எடுத்தார். எங்களிடம் இருந்தது ஒரேயொரு குட்டான் பனங்கட்டி. அதை நூலால் அறுத்து, பாதியைத் தட்டத்தில் வைத்து ரீச்சரம்மாவுக்கு அனுப்பினார். மற்றப் பாதியை ஒன்பது துண்டுகளாக அறுத்தார். எட்டை நாங்கள் தின்றோம். ஒன்பதாவது துண்டை ஓலையில் சுற்றிக் கூரையில் செருகி, "அவன்ரை பங்கு" என்றார். 1996 மே மாதம் ஊர் திரும்பியபோது, எறும்பு மொய்த்துக் கரைந்துபோயிருந்த அந்தத் துண்டை, மெலிந்து தாடி வளர்த்து வாசலில் நின்ற மாமாவிடம் அம்மம்மா கொடுத்தார். அவர் எறும்பைத் தட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

இவ்வருடமும் பிள்ளையார் கதை விரதம் நடக்கிறது. ரீச்சரம்மாவுக்கு இப்போது பார்வை குறைந்துவிட்டது. நூற்காப்புக் கட்டிய கையால் தட்டத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது கொம்மம்மாவின்ரை" என்றார். முட்டை படாத பாத்திரம் என்று அம்மா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "இருபத்தொன்பது வருசமா இதைச் சொல்லி அனுப்புறா" என்று சிரித்தார். மாட்டுக் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. மகள் அதைச் சுற்றி நடந்து, எட்டுப் பேர் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று அடியால் அளந்து பார்த்தாள். தட்டம் கத்தரிக்காய்களோடு திரும்பியது.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று இரவுப் பேருந்து. கேக், பயத்தம் உருண்டை, கத்தரிக்காய், ஒரு போத்தல் நண்டு இரசம் என்று பை கனத்துவிட்டது. போத்தலை மறுத்துப் பார்த்தேன், பயனில்லை.

மாலையில் அம்மா தட்டங்களைக் கழுவித் துடைத்து எண்ணினார். நான்கு இருந்தன. சுண்டுக்குளிக்கு ஓட்டோவில் போய்வரப் பத்து நிமிடம் போதும், பேருந்துக்கு முன் எடுத்து வருகிறேன் என்று நான் செருப்பைப் போட்டேன்.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "புதுவருசத்துக்கு நான் போய் எடுக்கிறன்."

நான்கு தட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்னல் துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்தார். பிறகு, கராம்பு போடாமல் அரை இறாத்தல் கேக் அடிப்பதென்றால் எத்தனை முட்டை வேண்டும் என்று, யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டே குசினிக்குள் போனார்.